பளபளக்கிற பல்லை நம்பாதீங்க!

ஐ.வி. என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தெரியும், தெரியும். பஸ்ஸில் குத்துப்பாட்டு, கடைசி சீட் டான்ஸ், ஊட்டி போட் ஹவுஸ், நடுவில் லெட்டர்பேடில் சீல் வாங்குவதற்காக மட்டும் ஒரு ஃபேக்டரி. வரிசையாக உள்ளே போய், சத்தத்தில் எதுவும் காதில் விழாமல் தலையை மட்டும் ஆட்டி, அவர்கள் கொடுக்கிற பஃப்ஸையும் டீயையும் முடித்துவிட்டு மறுபடி பஸ் ஏறினால், 'இண்டஸ்ட்ரியல் விசிட்' ஓவர்!

அடுத்த முறை ஊட்டி பஸ் கோவையைத் தாண்டும்போது நீங்கள் மட்டும் நைசாக இறங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் போதும். மருதமலை வேண்டாம், கோவைக் குற்றாலம் வேண்டாம், மால் வேண்டவே வேண்டாம். நாம் பார்க்கப் போவது ஒரு கியர். அதிலும் அதன் பல். அதிலும் அந்தப் பல்லின் மேல்தோல்.

'நான் பி.காம். ஆச்சே' என்று பின்வாங்காதீர்கள். இட்லி சாப்பிடுகிற எல்லோருக்கும் புரிகிற சமாச்சாரம்தான் இது.

காந்திபுரத்தில் இறங்கி சத்தி ரோட்டில் கணபதி பக்கமோ, உள்ளே திரும்பி ஆவாரம்பாளையம் பக்கமோ நடந்து பாருங்கள். வாசலில் கோலம் போட்டிருக்கும், திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருப்பார், பின்கட்டில் லேத் ஓடிக்கொண்டிருக்கும். காற்றில் கூலன்ட் ஆயில் வாசனை. முதல் நாள் குமட்டும், மூன்றாம் நாள் பழகிவிடும். ஒரு சந்தில் மோட்டார் பாடி, அடுத்த சந்தில் பம்ப் இம்பெல்லர், அதற்கடுத்ததில் கிரைண்டர் டிரம். பஞ்சாலைகள் வந்தன, 1930களில் பைகாரா மின்சாரம் வந்தது, ஓடுகிற மில்லுக்கு ஸ்பேர் செய்து தரப் பட்டறைகள் வந்தன. பட்டறைக்காரரின் பையன் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வந்து சி.என்.சி. மெஷின் வாங்கினார். ஊரின் தொழில் வரலாறு சுருக்கமாக இவ்வளவுதான்.

கோவையின் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. இந்த ஊர் அம்மாக்களிடம் மிக்ஸியில் அரைத்த மாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'மாவு சூடாயிடுங் கண்ணு, இட்லி கல்லாட்டம் வரும்' என்பார்கள். வேகமாக அரைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் பதம் கெடும். இரும்புக்கும் அதே கதைதான். சந்தேகமிருந்தால், தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரைக் கவனியுங்கள். தீப்பொறி பறக்க அரிவாளைத் தீட்டுவார், சட்டென்று எடுத்துத் தண்ணீரில் முக்குவார், மறுபடி தீட்டுவார். முக்காமல் அழுத்திப் பிடித்தால் முனை நீலம் பாய்ந்துவிடும். அப்புறம் அந்த அரிவாளால் வாழைத்தாரைக்கூட வெட்ட முடியாது. மெட்டலர்ஜி பாடத்தில் நாற்பது பக்கம் போகிற விஷயத்தை அவர் ஒரு குவளைத் தண்ணீரில் முடித்துவிடுகிறார்!

சரி, பட்டறைக்குள் போவோம். நான் போன இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்படிப் பல இடங்கள் இங்கே உண்டு. ஷூ போட்டுக்கொள்ளுங்கள், செருப்போடு உள்ளே விட மாட்டார்கள்.

இங்கே கியருக்கு ஒரு ஜாதகமே இருக்கிறது. 20எம்.என்.சி.ஆர்.5 மாதிரி ஒரு ஸ்டீல். ஃபோர்ஜிங்கில் அடிவாங்கி வரும். லேத்தில் கடைவார்கள். ஹாப்பிங் மெஷினில் பல் வெட்டுவார்கள். அதுவரை அது சாதாரண, கொஞ்சம் மென்மையான இரும்பு. பிறகு ஃபர்னஸ். கிட்டத்தட்ட 920, 930 டிகிரியில் பல மணி நேரம் கார்பனை ஊட்டி ஊற வைக்கிறார்கள். சூட்டோடு எண்ணெயில் இறக்குகிறார்கள். கடைசியாக 160 முதல் 180 டிகிரியில் டெம்பரிங். இத்தனையும் முடிந்தால் மேலே ஒரு மில்லிமீட்டர் வாக்கில் கல் மாதிரி இறுகிய தோல், உள்ளே அடி தாங்குகிற மென்மையான வயிறு. மேல்தோலின் கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை. சாதாரண அரத்தை வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆனால் ஃபர்னஸ் சும்மா விடுமா? வெளியே வரும்போது கியர் லேசாக முறுக்கிக்கொண்டு, கொஞ்சம் கோணிக்கொண்டு வரும். நம் கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். அந்தக் கோணலை எடுக்கத்தான் கடைசியில் கிரைண்டிங். ஒவ்வொரு பல்லின் பக்கவாட்டிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் இரண்டு பங்கு எடுப்பார்கள். அவ்வளவுதான் வேலை. வில்லங்கம் ஆரம்பிக்கிற இடமும் இதுதான்.

கிரைண்டிங் வீலின் விளிம்பு விநாடிக்கு 30, 35 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல்! அதில் ஒட்டியிருக்கிற குட்டிக் குட்டிக் கூர்மணிகள் ஒவ்வொன்றும் ஒரு கத்தி. கூர் இருக்கும்வரை அது வெட்டும். மழுங்கிவிட்டால் வெட்டாது, தேய்க்கும். குளிர்காலத்தில் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்தால் என்ன ஆகிறது? அதேதான். லேத்தில் உண்டாகிற சூட்டில் பெரும்பகுதி சுருளோடு வெளியே போய்விடும். வழக்கமான அலுமினியம் ஆக்ஸைடு வீலில் அப்படிப் போவதில்லை. பெரும்பகுதி ஜாபுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

இப்போது ஒரு கணக்கு. கடைசியாக டெம்பரிங் செய்தது 180 டிகிரியில் என்றால், மேல்தோல் அதைத் தாண்டிச் சூடேற ஆரம்பித்தாலே கடினம் குறையத் தொடங்கும். 180 டிகிரி என்பது என்ன? சாயங்கால நேரத்து ஹோட்டல் தோசைக்கல் அதைவிடச் சூடாக இருக்கும்! இத்தனை மணி நேரம் ஃபர்னஸில் சம்பாதித்த கடினத்தைத் தோசைக்கல் சூட்டில் கோட்டை விட்டுவிடலாம். இதற்குப் பெயர் கிரைண்டிங் பர்ன். நம் பட்டறை பாஷையில் 'பர்ன் ஆயிடுச்சு.'

அதிலும் இரண்டு ரகம். சூடு ஓரளவு ஏறி, தோல் மென்மையாகிப் போவது ஒன்று. சூடு எழுநூறு டிகிரியையும் தாண்டி, கூலன்ட் பட்ட உடனே மறுபடி இறுகிப்போவது இன்னொன்று. 'இறுகினால் நல்லதுதானே?' என்றுதான் தோன்றும். இல்லை பாஸ். அது டெம்பரிங் பார்க்காத இறுக்கம். கண்ணாடி மாதிரி, தட்டினால் விரியும். அதைச் சுற்றி மென்மையாகிப் போன ஒரு வளையம். ஒரே பல்லில் கண்ணாடியும் களிமண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எப்படி உருப்படும்?

இன்னொன்றும் நடக்கிறது. தீக்காயம் ஆறிய தோலைப் பார்த்திருப்பீர்கள், சுருங்கி இழுத்துக்கொண்டு இருக்கும். இங்கேயும் அப்படித்தான். நல்ல கார்புரைசிங் முடிந்த பல்லின் மேல்தோல் இயல்பாகவே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். விரிசல் விட முயன்றாலும் அந்த நெருக்கம் அதை மூடிப் பிடிக்கும். பர்ன் ஆன இடத்தில் அது தலைகீழாகி, தோல் விறைத்து இழுபட்டு நிற்கிறது. சில நேரம் கிரைண்டிங் முடிந்த கையோடு மயிரிழை விரிசல்கள் வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, இன்ஸ்பெக்ஷனில் மாட்டிக்கொள்ளும். வராமல் உள்ளே காத்துக்கொண்டிருக்கிறதே, அதுதான் வயிற்றைக் கலக்குகிற கேஸ்.

பர்ன் ஆனால் பழுப்பும் நீலமுமாக நிறம் தெரியாதா? தெரியும், சில சமயம். ஆனால் அதற்குமேல் மெல்லிசாக இன்னொரு பாஸ் ஓட்டினால் நிறம் போய்விடும். காயம் போகாது. அந்த நிறம் மேலே படிந்த ஆக்ஸைடு, அவ்வளவுதான். காயம் அதற்குக் கீழே பத்துப் பதினைந்து மைக்ரானோ, நூறு மைக்ரானோ இறங்கியிருக்கலாம். இப்போது அந்தப் பல்லைத் தூக்கிப் பாருங்கள். ஜொலிக்கும். ரஃப்னெஸ் டெஸ்டரின் ஊசியை ஓட்டினால் ஆர்.ஏ. 0.4 மைக்ரான், டிராயிங்கில் கேட்டபடி. நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் கனம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், எவ்வளவு வழவழப்பு! பல்லின் வடிவத்தை அளக்கும் மெஷினில் வைத்தால் அதுவும் ஓ.கே. டூத்பேஸ்ட் விளம்பரத்தில் நடிக்க வைக்கலாம். உள்ளே சொத்தை.

அதனால்தான் சொல்கிறேன், எல்லோரும் கோடி ரூபாய் கிரைண்டிங் மெஷின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும்போது நீங்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிற மூலைக்கு நழுவுங்கள். அங்கே வரிசையாகச் சில தொட்டிகள் இருக்கும். மங்கலாக, மூக்கில் ஏறும் வாசனையோடு. அதுதான் நைட்டல் எட்ச். நைட்ரிக் ஆசிட்டை மூன்று முதல் ஐந்து சதவிகிதம் ஆல்கஹாலில் கலந்த திரவம். எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவிய கியரை அதில் சில விநாடி முக்கி, கழுவி, இன்னொரு தொட்டியில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலவையில் வெளுக்க வைத்து, மறுபடி கழுவி, காரத்தில் முக்கி ஆசிட்டை முறித்து, கடைசியில் எண்ணெய் தடவுவார்கள். எப்படிப் பார்ப்பது, எவ்வளவு கறுப்பு வரை மன்னிப்பு என்பதற்கெல்லாம் 1995-ல் முதலில் வெளிவந்து பிறகு திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 14104 இருக்கிறது. (ஹாஸ்டலில் ட்ரை பண்ணாதீர்கள். நைட்ரிக்கும் ஆல்கஹாலும் அளவு தப்பிச் சேர்ந்தால் ரூமே போய்விடும்.)

நல்ல பல் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் வெளியே வரும். மென்மையாகிப் போன இடம் கறுப்புத் திட்டாகத் தெரியும். மறுபடி இறுகிய இடம் வெள்ளை, சுற்றிலும் கறுப்புக் கரை. எக்ஸ்ரே ஃபிலிம் கழுவுகிற மாதிரி, நம் கண்ணெதிரே மெதுவாக எழும். முதல் தடவை பார்க்கும்போது புல்லரிக்கும், சும்மா சொல்லக்கூடாது.

நான் நின்றிருந்தபோது அப்படி ஒரு கறுப்பு எழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர் டிப்ளமோ முடித்த ஒரு பெண். உங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். மெஷினில் இருந்தவருக்கு ஐம்பது வயது, அந்த மெஷினோடே நரைத்தவர்.

"அண்ணா, ஏழு பல்லுல வருதுங்ணா."

"எண்ணெய்க் கறையா இருக்கும் அம்மணி. இன்னொருக்கா கழுவிப் பாருங்க."

"கழுவியாச்சுங்ணா. அதே எடத்துலதான் வருது."

அவர் கியரை வாங்கி லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறெதுவும் பேசவில்லை. வாசலில் டெலிவரி வண்டி நின்றிருந்தது. ஒரு பேட்ச் மொத்தமும் அந்த இடத்தில் நின்றுபோனது.

அதற்கப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பல்லை எண்ணினார்கள். கறுப்பு எங்கே வருகிறது என்பதே ஒரு துப்பு. பல் பல்லாக வீல் இறங்கி ஏறுகிற ஃபார்ம் கிரைண்டிங் மெஷின் அது. முதல் பல் சுத்தமாக இருந்து, போகப் போகக் கறுப்பு கூடினால் வீல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். வைரத்தால் சீவிக் கூராக்குகிற டிரெஸ்ஸிங்கை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். எல்லாப் பல்லிலும் ஒரே ஓரத்தில் மட்டும் வந்தால் கூலன்ட் நாஸிலை சந்தேகப்பட வேண்டும். வீல் சுற்றும் வேகத்தில் அதைச் சுற்றிக் காற்றே ஒரு சுவர் மாதிரி ஒட்டிக்கொண்டு சுற்றும். அதை உடைத்துக்கொண்டு போகிற வேகத்தில், சரியான இடத்தில் எண்ணெய் அடிக்காவிட்டால், எவ்வளவு கொட்டினாலும் அது தரைக்குத்தான். ஒரு பக்கம் அடுத்தடுத்த பல்லில் வந்து, நேரெதிர்ப் பக்கம் சுத்தமாக இருந்தால் கியரே கோணி வந்திருக்கிறது. அந்தப் பக்கம் மெட்டல் கூடுதல், வீல் அங்கே ஆழமாகக் கடித்திருக்கிறது.

அன்றைக்கு ஏழும் அடுத்தடுத்த பல். எதிர்ப்பக்கம் பளிச். தப்பு கிரைண்டிங்கில் மட்டுமில்லை, ஃபர்னஸில் அடுக்கின விதத்திலும் இருந்திருக்கிறது. ஐம்பது வயதுக்காரரின் முகத்தில் லேசாக ரத்தம் ஓடியது.

அந்த ரத்த ஓட்டத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பர்ன் என்றால் முதலில் விரல் நீளுவது ஆபரேட்டரை நோக்கித்தான். 'ஃபீடைக் கூட்டிட்டாரு' என்பார்கள். கூட்டியிருப்பார்தான். ஆனால் ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை ஜாப் என்று மாடியில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து போர்டில் எழுதினவர் யார்? டிரெஸ்ஸிங் செய்கிற நேரத்தையும், வீல் தேய்மானத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தாரா? நாளைக்கு கேம்பஸில் செலக்ட் ஆகி, புரொடக்ஷன் பிளானிங் என்று அந்த நாற்காலியில் உட்காரப் போவது நீங்கள்தான். அதனால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

வீலை மாற்றினால் தீராதா? ஓரளவு தீரும். சி.பி.என். என்கிற க்யூபிக் போரான் நைட்ரைடு வீல் இருக்கிறது. 1957-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ராபர்ட் வென்டார்ஃப் முதன்முதலில் உருவாக்கிய பொருள், வைரத்துக்கு அடுத்த கடினம். அது சூட்டைத் தானே வாங்கி வெளியே கடத்திவிடும், சீக்கிரம் மழுங்கவும் மழுங்காது. விலைதான் கையைச் சுடும். ஆசிட் இல்லாமல் சோதிக்கவும் வழி உண்டு. 1919-ல் ஜெர்மனியின் ஹைன்ரிக் பார்க்ஹாஸன், இரும்பைக் காந்தமாக்கும்போது அது உள்ளுக்குள் 'சடசட'வென்று துள்ளுவதைக் கண்டுபிடித்தார். தோல் மென்மையாகவோ இழுபட்டோ இருந்தால் அந்தச் சடசடப்பு கூடும். சென்சாரைப் பல்லில் ஓட்டினாலே போதும். பெரிய கம்பெனிகளில் இது வந்துவிட்டது. சின்னப் பட்டறையில் இன்னும் ஆசிட் தொட்டியும் பழகின கண்ணும்தான்.

பசிக்கிறதா? சிங்காநல்லூர் பஸ் பிடியுங்கள். திருச்சி ரோட்டில் சாந்தி சோஷியல் சர்வீஸ் கேன்டீன். கூட்டம் இருக்கும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் பாக்கெட் மணிக்குத் தாராளமாகக் கட்டுப்படியாகும், சாப்பாடு சுத்தம். இதைத் தொடங்கிய பி. சுப்பிரமணியம் யார் தெரியுமோ? 1972-ல் கம்பெனியாகப் பதிவான சாந்தி கியர்ஸின் நிறுவனர். 1996-ல் இந்த அறப்பணியை ஆரம்பித்தார். 2012-ல் கியர் கம்பெனி முருகப்பா குழுமத்தின் கைக்குப் போனது, 2020-ல் அவர் மறைந்தார், கேன்டீனில் இன்றும் வரிசை நிற்கிறது. கியர் பார்க்க வந்த நாளில் கியர்க்காரர் போட்ட சோறு, பொருத்தம்தானே!

சாப்பிட்ட கையோடு அங்கேயே சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பல்லடம் பஸ் ஏறுங்கள். ஜன்னல் சீட் முக்கியம். சூலூர் தாண்டி ஊர் கொஞ்சம் வெளுத்ததும் காற்றாலைகள் தலைகாட்ட ஆரம்பிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. மே முதல் செப்டம்பர் வரை பஸ் ஜன்னலே படபடக்கும். அந்த மூன்று இறக்கைகளும் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிற மாதிரி இருக்கும். நிமிடத்துக்கு ஒரு 15 சுற்று என்று வையுங்கள். உள்ளே இருக்கிற ஜெனரேட்டருக்கோ 1500 சுற்று வேண்டும். நடுவில் நூறு மடங்கு கூட்டித் தருவது ஒரு கியர்பாக்ஸ். (கியர் இல்லாத ரகமும் உண்டு, அது வேறு கதை.) காற்று ஒரே சீராக அடிக்காது. ஒவ்வொரு வேகமும், ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் அந்தப் பற்களின் மேல்தோலில்தான் வந்து இறங்கும், லட்சக்கணக்கான தடவை, வருடக்கணக்கில்.

நம் பட்டறை மூலையில் எழுந்த அந்தக் கறுப்புத் திட்டு, யாரும் பார்க்காமல் இவ்வளவு உயரம் ஏறியிருந்தால்? முதலில் குண்டூசிமுனை அளவு ஒரு குழி. அப்புறம் ஒரு செதில். செதில் எண்ணெயில் விழுந்து பேரிங்குக்குள் போகும். காற்று நன்றாக அடிக்கிற சீசனில் இறக்கை நிற்கும். எண்பது மீட்டர் உயரத்திலிருந்து டன் கணக்கான பெட்டியை இறக்கப் பெரிய கிரேன் வர வேண்டும். கிரேன் வருவதற்குக் காட்டில் பாதை போட வேண்டும். காற்று குறைகிற வரை கிரேனைத் தூக்கவும் முடியாது. அதுவரை அந்த விவசாயியின் சோளக்காட்டு நடுவில் அது சும்மா நிற்கும்.

போக ஆசை வந்துவிட்டதா? கல்லூரி லெட்டர்பேடில் ஒரு வாரம் முன்னதாகவே அனுமதி கேளுங்கள், நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். டிப்பார்ட்மென்டில் கோவைக்கார சீனியர் ஒருத்தராவது இருப்பார், அவர் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ கட்டாயம் ஒரு பட்டறை இருக்கும். மெஷின் விலை என்ன என்று கேட்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 'வீலை எத்தனை ஜாபுக்கு ஒரு தடவை டிரெஸ் பண்றீங்கண்ணா? அதை யார் முடிவு பண்றாங்க?' என்று கேளுங்கள். ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, உங்களைப் பார்த்து உட்காருவார். ஆசிட் தொட்டிப் பக்கம் போகும்போது மட்டும் நல்ல சட்டை வேண்டாம்.

பல்லடத்தில் இருட்டுவதற்குள் ஒரு டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறுங்கள். திரும்பி வர பஸ் கிடைக்கும், சீட்தான் கிடைக்காது.